சிவில் வழக்கில் தோற்றவர்கள் கவனத்துக்கு: டிகிரியில் உள்ள செலவுக் கணக்கைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

தீர்ப்பின் கடைசிப் பத்தியில் ‘செலவுத்தொகையுடன்’ என்று இருந்தால், எதிர்த்தரப்புக்கு நீங்கள் கட்ட வேண்டிய தொகை டிகிரியில், அதாவது தீர்ப்பாணையில், ஓர் அட்டவணையாக வரும். அதை வரி வரியாக நீங்களே படியுங்கள். வக்கீல் பார்த்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் அம்மாவிடம் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாக வசூலிக்கப் பார்த்தார்கள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்து பற்றிய வழக்கு அது. பக்கத்து வீட்டுக்காரர் நிரந்தரத் தடையுத்தரவும், கூடவே 2 லட்சம் நஷ்ட ஈடும் கேட்டிருந்தார். தடையுத்தரவு அவருக்குக் கிடைத்தது. நஷ்ட ஈடு நிரூபிக்கப்படவில்லை என்று தள்ளுபடி ஆனது. வழக்கு பகுதியாக மட்டும் அனுமதிக்கப்பட்டதால் ‘விகிதாச்சாரச் செலவுத்தொகையுடன்’ என்று தீர்ப்பு. ஜெயித்த பகுதிக்கு உண்டான செலவைத்தான் அவர் எங்களிடம் வாங்க முடியும் என்று அர்த்தம். அம்மா மேல்முறையீடு வேண்டாம், அந்தச் சந்து போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வக்கீலிடம் செலவுத்தொகை பற்றிக் கேட்டபோது, “அதெல்லாம் பேருக்குத்தாம்மா, ரெண்டாயிரம் மூவாயிரம் வரும், நான் பார்த்துக்கறேன்” என்றார். டிகிரி நகல் எடுக்க 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். நகல் வரவே இல்லை. அப்புறம் வந்தது நிறைவேற்று மனுவின் நோட்டீஸ், அதாவது டிகிரிப்படி பணத்தை வசூலித்துத் தரச் சொல்லி அவர் கோர்ட்டில் போட்ட மனு. 38,000 ரூபாய்ச் சொச்சம், கட்டாவிட்டால் வீட்டுச் சாமான்கள் ஜப்தி. ஜப்தி செய்யும் கோர்ட் ஊழியரான அமீனா வந்து தெருவில் எல்லார் முன்னாடியும் பீரோவைத் தூக்குவாரோ என்று அம்மா தூக்கத்தை விட்டார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நாங்களே நகல் மனு போட்டு டிகிரியை வாங்கினோம். அட்டவணையில் வாதிக்கு ஒரு பத்தி, பிரதிவாதிக்கு ஒரு பத்தி. வழக்குரைக்கு ஒட்டிய ஸ்டாம்ப், வக்காலத்து ஸ்டாம்ப், வக்கீல் கட்டணம், சாட்சி பேட்டா, கமிஷனர் (இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வக்கீல்) கட்டணம், சம்மன் செலவு என்று இறங்கிக்கொண்டே போகும். வாதியின் பத்தியில் கமிஷனர் ஆரம்பக் கட்டணம் 5,000, கூடுதல் கட்டணம் 3,000 என்று இரண்டு வரி. அதற்குக் கீழே ‘இதர செலவு’ என்ற தலைப்பில் மறுபடியும் 8,000. ஒரே கமிஷனர், ஒரே முறை அந்தச் சந்தில் அளவெடுத்தவர். அவருக்குக் கொடுத்த பணம் கணக்கில் இரண்டு தடவை ஏறியிருக்கிறது. தள்ளுபடியான நஷ்ட ஈட்டுக்கு அவர் கட்டிய நீதிமன்றக் கட்டணம் 6,000 ரூபாயும் அப்படியே எங்கள் தலையில். வக்கீல் கட்டணமும் முழு வழக்கு மதிப்புக்கே போடப்பட்டிருந்தது. விகிதாச்சாரம் என்ற சொல் தீர்ப்பில் இருந்தது, கணக்கில் இல்லை.

எங்கள் பத்தி? வக்காலத்து ஸ்டாம்ப் ஒன்றைத் தவிர வெறும் கோடுகள். எங்கள் வக்கீல் செலவு மெமோவே, அதாவது எங்கள் செலவுப் பட்டியலே, தாக்கல் செய்யவில்லை, தன் கட்டணத்தை வாங்கியதற்கான சான்றிதழும் கொடுக்கவில்லை.

இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். சிவில் நடைமுறைச் சட்டம் 35-வது பிரிவுப்படி யார் யாருக்குச் செலவு தர வேண்டும் என்று முடிவு செய்வது நீதிபதி. தொகையை டிகிரியில் எழுத வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 20-வது கட்டளை. எழுதுவதற்கு அடிப்படை, வக்கீல்கள் கொடுக்கும் மெமோ. வக்கீல் கட்டணத்தை வழக்கு மதிப்பை வைத்து விதிப்படி போடுவார்கள். அவர் நிஜமாக எவ்வளவு வாங்கினார் என்பது கணக்கில்லை. எதிர்த்தரப்பு மெமோவை எங்களுக்கு யாரும் காட்டவில்லை, ஆட்சேபணை உண்டா என்று கேட்கவும் இல்லை. பணம் கட்டப் போகிறவரிடம் கணக்கைக் காட்டாமலே தொகையை முடிவு செய்வது எந்த ஊர் நியாயம்?

தோற்றவர் செலவு தருவது தப்பு என்று நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் செலவழித்துத்தான் வழக்கு நடத்தினார். பேருக்குச் செலவுத்தொகை போடுவதால்தான் பொய் வழக்குகள் பெருகுகின்றன, நியாயமான உண்மைச் செலவு கிடைக்க வேண்டும் என்று சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் விதி இல்லாமல் இஷ்டத்துக்குப் போடவும் முடியாது. டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் 45,28,000 ரூபாய் செலவுத்தொகை விதித்தபோது, 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, விதிப்படி வரும் தொகையைக் கட்டச் சொன்னது. அவ்வளவு பெரிய இடத்திலேயே கணக்கைத் திருத்த முடிகிறது என்றால் முன்சீஃப் கோர்ட் டிகிரியைத் திருத்த முடியாதா?

எங்கள் வக்கீல் முதலில் “கோர்ட் போட்ட கணக்கு போட்டதுதான்” என்றார். நான் நகலைக் காட்டியதும், திருத்த மனு போட 15,000 ஆகும் என்றார். வேறு வக்கீலை வைத்துக்கொள்கிறோம் என்றதும், பாக்கி இருக்கிறது என்று சொல்லிக் கேஸ் கட்டைத் தர மறுத்தார். உங்களுக்கும் இப்படி நடந்தால் பயப்படாதீர்கள். கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. அதைச் சொன்ன பிறகுதான் கட்டு கைக்கு வந்தது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. புகார் கொடுக்க வேண்டிய இடம் பார் கவுன்சில். நாங்கள் கொடுத்திருக்கிறோம்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அம்மாவுக்கு அங்கே கிடைத்த இளம் வக்கீல் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 152-வது பிரிவில் மனு போட்டார். எழுத்துப் பிழை, கூட்டல் கழித்தல் பிழையை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற பிரிவு அது. தீர்ப்பின் கடைசிப் பத்தியையும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எதிர்த்தரப்பையும் கேட்டுவிட்டு நீதிபதி மறுபடி கணக்குப் போடச் சொன்னார். திருத்திய டிகிரியில் தொகை 17,000-க்குக் கொஞ்சம் மேல்.

கட்டும்போது இன்னொரு எச்சரிக்கை. பக்கத்து வீட்டுக்காரர் “கையிலேயே கொடுத்துடுங்க, எதுக்கு கோர்ட்டுக்கு அலையணும்” என்றார். அப்படிக் கொடுத்தால் 30 நாளுக்குள் நீதிமன்றத்தில் சொல்லிப் பதிவு செய்தாக வேண்டும். பதிவாகாத பணத்தை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் எடுக்காது, அதே தொகைக்கு மறுபடியும் மனு வரலாம். டிகிரிக்கு 12 வருஷம் உயிர் உண்டு. நாங்கள் நீதிமன்றத்திலேயே கட்டி, நிறைவேற்று மனு முடிந்தது என்ற உத்தரவின் நகலையும் வாங்கி வைத்திருக்கிறோம்.