தாலி கட்டும் காட்சிக்கு எத்தனை எம்பிபிஎஸ்? எச்.264, எச்.265, ப்ரோரெஸ்: ஓர் அலசல்

கல்யாண வீடியோவுக்கு எந்த செட்டிங்கில் எக்ஸ்போர்ட் செய்வது என்று முடிவெடுக்க, நான் ஒரே ஒரு காட்சியைத்தான் பார்ப்பேன். கெட்டிமேளம் முழங்க, நாலா பக்கமிருந்தும் அட்சதையும் பூவும் வந்து விழும் அந்த இருபது விநாடி. பக்கத்தில் ஹோமப் புகை, நடுவில் சரிகை மின்னும் பட்டுப்புடவை.

எச்.264, எச்.265 இரண்டும் வீடியோவைச் சுருக்கும் முறைகள், அதாவது கோடெக். இரண்டுமே போன ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் என்ன மாறியது என்று பார்த்து, மாறியதை மட்டும் எழுதிவைத்து இடத்தை மிச்சம் பிடிப்பவை. தாலி கட்டும் நேரத்தில் எல்லாமே மாறுகிறது. பிட்ரேட், அதாவது ஒரு விநாடிப் படத்துக்கு ஒதுக்கும் டேட்டா (எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு இத்தனை மெகாபிட்), போதவில்லை என்றால் அரிசி மணிகள் கரைந்துபோய், அந்த இடம் கட்டம் கட்டமாக உடையும். சரிகை வேலைப்பாடு வெறும் மஞ்சள் பட்டையாகிவிடும். மேடையில் வரிசையாக நின்று போட்டோ எடுக்கும் காட்சி 5 எம்பிபிஎஸ்ஸிலேயே நன்றாக இருக்கும். அதைப் பார்த்து முழுப் படத்துக்கும் முடிவெடுத்தால் முகூர்த்தம் வீணாகிவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். மூன்று மணி நேரப் படம், 1080பி, 25 ஃபிரேம். எச்.264-ல் 16 எம்பிபிஎஸ் கொடுத்தால் சுமார் 21.6 ஜிபி. அதே தரத்தை எச்.265 ஏறக்குறைய பாதி பிட்ரேட்டில் தரும் என்பதால் 11 ஜிபிக்குள் முடிந்துவிடும். ப்ரோரெஸ் 422 என்றால் சுமார் 122 எம்பிபிஎஸ், அதாவது 165 ஜிபி. ப்ரோரெஸ் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சுருக்குவது. அதனால்தான் இவ்வளவு இடம் கேட்கிறது. பூ எத்தனை விழுந்தாலும் அது தடுமாறாததற்கும் அதுவே காரணம்.

இடத்தை மட்டும் பார்த்தால் எச்.265-தான் ஜெயிக்க வேண்டும். நானும் அப்படி நினைத்து ஒரு வீட்டுக்கு அதில் பென்டிரைவ் கொடுத்தேன். அன்று இரவே பெண்ணின் அப்பா போன் செய்தார். "தம்பி, நாதஸ்வரம் கேக்குது, படம் வரலயே!" உறவுக்காரர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்திருந்த நேரம் அது. எச்.264 வந்தது 2003-ல். இன்று வீடுகளில் இருக்கும் டிவிகளில் அது ஓடாத டிவியைப் பார்ப்பதே அரிது. எச்.265 வந்தது 2013-ல். அதற்கு முன் வாங்கிய டிவியில் ஓடாது, பின்னால் வாங்கியதிலும் எல்லாவற்றிலும் ஓடும் என்று சொல்ல முடியாது. அன்றிலிருந்து வீட்டுக்குக் கொடுப்பது எச்.264 மட்டும்தான்.

பென்டிரைவிலும் ஒரு சிக்கல் உண்டு. எஃப்ஏடி32 ஃபார்மட்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. 16 எம்பிபிஎஸ்ஸில் அது அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டை எல்லாப் பழைய டிவியும் படிக்காது. அதனால் படத்தை நலங்கு, முகூர்த்தம், வரவேற்பு என்று பகுதி பகுதியாக, தேவைப்பட்டால் இன்னும் சிறிதாகவும் பிரித்துவிடுகிறேன். பார்ப்பவர்களுக்கும் அதுதான் வசதி.

அப்புறம், சிபிஆரா விபிஆரா? சிபிஆர் என்பது மாறாத பிட்ரேட், விபிஆர் என்பது தேவைக்கேற்ப மாறும் பிட்ரேட். சிபிஆர் காலியான மண்டபத்துக்கும் பூமாரிக்கும் ஒரே அளவுதான் கொடுக்கும். விபிஆர் இரண்டு பாஸ் வைத்தால், முதல் தடவை படம் முழுவதையும் அளந்துவிட்டு, சும்மா இருக்கும் இடத்தில் மிச்சம் பிடித்துத் தாலி கட்டும் இடத்தில் கொட்டும். நேரம் கூடத்தான் ஆகும், ஆகட்டும். சராசரி 16, உச்சம் 24 என்று வைக்கிறேன். கிராபிக்ஸ் கார்டை வைத்து வேகமாக எக்ஸ்போர்ட் செய்வதாக இருந்தால் பிட்ரேட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள். அதே பிட்ரேட்டில் சாஃப்ட்வேர் என்கோடிங்தான் பெரும்பாலும் துல்லியமாக இருக்கும்.

ஃபிரேம் ரேட்டில் யோசிக்கவே வேண்டாம், எடுத்தது எதுவோ அதுவே. 25-ல் எடுத்ததை 30 ஆக்கினால் விநாடிக்கு ஐந்து ஃபிரேம் இரண்டு தடவை வரும். மாப்பிள்ளை அழைப்பில் கேமரா மெதுவாகத் திரும்பும்போது அந்த வெட்டு கண்ணில் குத்தும்.

யூடியூபுக்கு வேறு கணக்கு. எதைக் கொடுத்தாலும் அது மறுபடி சுருக்கும். 1080பிக்கு 8 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 35 முதல் 45 வரை என்பது அவர்கள் சொல்லும் அளவு. நான் 4கேவில்தான் ஏற்றுகிறேன். 4கே வீடியோவை யூடியூப் விபி9 போன்ற புதிய கோடெக்கில் சுருக்குவதால் பூவும் புகையும் அவ்வளவாக உடைவதில்லை. இங்கே எச்.265-ஐத் தாராளமாகப் பயன்படுத்தலாம். டிவியைப் பற்றிய கவலை இல்லை, ஏற்றும் நேரமும் குறையும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் டாக்குமென்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு ஒருமுறை நசுக்கிவிடும்.

ப்ரோரெஸை வீட்டுக்குக் கொடுப்பதில் பயனில்லை, சாதாரண டிவியில் ஓடாது. ஆனால் மாஸ்டராக, அதாவது மூலப் பிரதியாக, வைத்துக்கொள்ள அதற்கு ஈடில்லை. 10 பிட், அதாவது நிறத்தின் படிகளை நுணுக்கமாகப் பதிவது என்பதால் மேடையின் நீல, ஊதா வெளிச்சம் படிப்படியாக வரி விழாமல் அப்படியே நிற்கும். நாளைக்கு வேறு எதற்கு மாற்றினாலும் தரம் தாங்கும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் 165 ஜிபி ஒதுக்க என்னால் முடியவில்லை. அதனால் முழுப் படத்துக்கு எச்.265 10 பிட்டில் 30 எம்பிபிஎஸ், முகூர்த்தம் இருபது நிமிடம் மட்டும் ப்ரோரெஸ். அதற்கு 18 ஜிபிதான் ஆகிறது.