முதலிலேயே சொல்வதா, ஆர்டர் வந்தபின்பா?

என் தம்பிக்கு ஆட்டிசம். காரைக்குடியில் இருந்தபடி இரண்டு விதமாகவும் வேலை தேடிப் பார்த்துவிட்டான்.

முதலிலேயே சொன்னால் சத்தமில்லாத அறை கேட்கலாம், கேள்விகளை எழுத்தில் தரச் சொல்லலாம். ஆனால் ஒரு கம்பெனியில் அதைக் கேட்டதும், "அப்புறம் கூப்பிடுறோம் தம்பி" என்றார்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

ஆர்டர் கைக்கு வந்தபின் சொன்னால் இந்தக் கழித்துக்கட்டல் இல்லை. நேர்காணல் முழுக்கக் கண்ணைப் பார்த்துப் பேசுவதுபோல் நடிக்கணும், அவ்வளவுதான். அவ்வளவுதானா? அன்று வீடு வந்தவன் இருட்டும்வரை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் படுத்து அதிலுள்ள பூக்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

அரசு வேலைக்கு யோசனையே வேண்டாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அவர்களுக்கு 4 சதவீத இடஒதுக்கீடு. ஆட்டிசம் அடங்கிய பிரிவுகளுக்கு அதில் 1. மாற்றுத்திறன் சான்றிதழில் பாதிப்பு 40 சதவீதமாவது இருக்கணும், காட்டவும் வேண்டும்.

தனியாருக்கு நான் இரண்டாவது கட்சி. ஆத்தாவோ, "மறைச்சு வாங்குற வேலை எதுக்குடா?" என்கிறாள்.