கார் ரிவர்ஸ் சென்சார் மாட்டப் போகிறீர்களா? என் 7,850 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

இன்றைக்கு மத்தியானம் வேறொரு நம்பரிலிருந்து கூப்பிட்ட பிறகுதான் கடைக்காரர் போனை எடுத்தார். "கேஸ் போடுறதுன்னா போட்டுக்கங்கக்கா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அப்போதிலிருந்து மனசு ஆறவில்லை. எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 7,850 ரூபாய் போயிருக்கிறது. மதுரையில் சின்ன கார் வைத்திருக்கும் இன்னொருவர் இதே மாதிரி ஏமாறக் கூடாது என்றுதான் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. ஊருக்குள் சீட் கவர், மேட், ஸ்டீரியோ, ஹாரன் எல்லாம் விற்று மாட்டிக் கொடுக்கும் கார் ஆக்சஸரீஸ் கடை ஒன்று. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

என்னுடையது 2015 மாடல் ஆல்டோ. செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. தினமும் ஜெய்ஹிந்த்புரத்திலிருந்து திருமங்கலத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஏதாவது இருந்தால் பீப் அடிக்கும் பின்பக்க சென்சார், 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் கட்டாயம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டதால், அந்த வண்டிகளில் கம்பெனியிலிருந்தே வந்துவிடுகிறது. அதற்கு முந்தைய வண்டி வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள்தான் கடை கடையாக ஏற வேண்டியிருக்கிறது.

மூன்றரை மீட்டர்கூட இல்லாத காருக்கு சென்சார் எதற்கு என்று நானே ரொம்ப நாள் யோசித்தேன். கூட வேலை பார்ப்பவர்களும் அதையேதான் கேட்டார்கள். பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாலே வண்டி எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். மூன்று வருஷத்தில் நான் இடித்தது ஒரே ஒரு தடவை, தெற்கு மாசி வீதியில் நிறுத்தியிருந்த ஒரு டூவீலரின் இண்டிகேட்டரை. 500 ரூபாய் கொடுத்தேன், முடிந்தது.

ஆனால் எங்கள் வீடு முட்டுச்சந்தில். உள்ளே வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. காலையில் நேராக வெளியே வர வேண்டுமென்றால், சாயந்திரம் ரிவர்ஸிலேயே உள்ளே வந்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் வாசல்படி, தண்ணீர்க் குடம், சைக்கிள். எதிர்வீட்டுப் பெரியம்மாவின் பேத்திக்கு மூன்று வயது. அது வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து விளையாடும். அப்படி உட்கார்ந்தால் அதன் தலை என் பின் கண்ணாடியின் கீழ் விளிம்புக்கும் கீழே. கண்ணாடியிலும் தெரியாது, சைடு மிரரிலும் தெரியாது. ஒரு நாள் பெரியம்மா ஓடி வந்து அவளைத் தூக்கிய பிறகுதான் அவள் அங்கே இருந்ததே எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு இரவு முடிவெடுத்தேன். கார் கீறிவிடுமோ என்று பயந்து நான் அந்தக் கடைக்குப் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. வாசலில் இறங்கியதுமே கடைக்காரர் எழுந்து வந்து, "வாங்கம்மா, மெதுவா வாங்க" என்று ஸ்டூலைப் போட்டு, தன் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனை அம்மா பக்கம் திருப்பி வைத்தார். டீ வந்தது. எந்த ஏரியா என்று கேட்டார், சொன்னேன். "அட, நான் பொறந்ததே ஜெய்ஹிந்த்புரந்தான்க்கா. நம்ம ஏரியா ஆளுக்குத் தப்பாச் செய்வமா?" என்றார். அம்மா முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான். அந்த ஃபேனைத் திருப்பி வைத்தாரே, அந்த நிமிஷத்தில் நான் விசாரிக்க நினைத்திருந்த கேள்வியெல்லாம் வாய்க்குள்ளேயே போய்விட்டது.

ஒரு பலகையில் நான்கு சென்சார் பதித்து வைத்திருந்தார். கையை அருகில் கொண்டு போனால் பீப் பீப் என்றது, இன்னும் நெருங்கினால் விடாமல் கத்தியது. பிள்ளையின் விஷயத்தைச் சொன்னேன். "அக்கா, எறும்பு குறுக்க வந்தாக்கூடக் கத்தும். நீங்க திரும்பியே பாக்க வேணாம்" என்றார். இந்த வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன். பெரிய கம்பெனி பெயர் போட்ட பெட்டி ஒன்றைக் காட்டினார். 4,800 ரூபாய், இரண்டு வருஷ வாரண்டி, கையில் காசாகக் கொடுத்தால் 4,500. பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி தனியா வரும்க்கா, நம்மளுக்குள்ள எதுக்கு?" என்று, ஒரு விசிட்டிங் கார்டின் பின்னால் "4500, 2 வருடம்" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஒரு பையன் வண்டியைப் பின்கட்டுக்கு எடுத்துப் போய் முக்கால் மணி நேரத்தில் மாட்டிக் கொண்டு வந்துவிட்டான். காலிப் பெட்டியைக் கேட்டேன், வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று. "குப்பையில போயிருச்சுக்கா" என்றான். அப்போதே சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். படவில்லை.

முதல் இரண்டு நாள் ரிவர்ஸில் மேடு பள்ளம் வந்தாலே ஒன்றும் இல்லாத இடத்தில் கத்தியது. போன் செய்தேன். "செட் ஆக ரெண்டு நாள் ஆகும்க்கா" என்றார். சென்சார் என்ன புதுச் செருப்பா, போடப் போடப் பழகுவதற்கு? அப்போது எனக்குத் தெரியாது. நம்பினேன்.

பதினோராம் நாள், புதன்கிழமை, சாயந்திரம் ஆறரை மணி. வழக்கம்போல ரிவர்ஸில் சந்துக்குள் வருகிறேன். சத்தமே இல்லை. அந்தப் பத்து நாளில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது. சத்தம் வரவில்லையென்றால் பின்னால் யாரும் இல்லை என்று அர்த்தம். திரும்பிப் பார்ப்பது குறைந்துபோயிருந்தது. டமார் என்று ஒரு சத்தம். எதிர்வீட்டு கேட் தூண், ஒன்றரை அடி அகலச் சிமெண்ட் தூண், என் வண்டியின் வலது பின் மூலையில் இருந்தது. பம்பர் கிழிந்து, டெயில் லாம்ப் உடைந்து கீழே சிதறியது. சென்சார் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இறங்கிப் பார்த்ததும் எனக்குக் கால் ஓடவில்லை. அந்தத் தூணடித் திண்டில் உட்கார வைத்துத்தான் பெரியம்மா தினமும் பேத்திக்குச் சோறு ஊட்டுவார். அன்றைக்கு மழை தூறியதால் உள்ளே வைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு சின்னக் கிண்ணம் மட்டும் திண்டில் இருந்தது.

மறுநாள் கடைக்குப் போனேன். "மாட்டுன பையன் லீவுக்கா, சனிக்கிழமை வாங்க, பாத்துக்கிருவோம்." சனிக்கிழமை போனால் முதலாளி சரக்கெடுக்கக் கோயம்புத்தூர் போயிருக்கிறாராம். அந்த ஸ்டூலும் ஃபேனும் அங்கேயேதான் இருந்தன, உட்காரச் சொல்லத்தான் ஆளில்லை. அங்கிருந்து நேராகத் தெற்குவாசல் பக்கம் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாயிடம் வண்டியை விட்டேன்.

பாய் டிக்கி மேட்டைத் தூக்கி, ஓரத்து பிளாஸ்டிக்கைக் கழற்றினார். உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி. எந்தக் கம்பெனி பெயரும் இல்லை. நான்கு வயர் வந்து செருக வேண்டிய இடத்தில் மூன்றுதான் செருகியிருந்தது. "தங்கச்சி, இங்க பாரு" என்று வலது மூலை சென்சாரின் வயரை இழுத்துக் காட்டினார். ஒரு சாண் நீளத்தில் அறுந்து, முனையில் கறுப்பு டேப் சுற்றி, பஞ்சுக்குள் மடித்துச் செருகப்பட்டிருந்தது. ஓட்டை போடும்போது வயரை அறுத்துவிட்டு, முடிச்சுப் போடக்கூடச் சோம்பல்பட்டு, டேப்பைச் சுற்றி ஒளித்து வைத்திருக்கிறான் அந்தப் பையன். பதினோரு நாளும் அந்த மூலைக்குக் கண்ணே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் பம்பரில் நான்கு பொட்டும் வரிசையாக அழகாகத் தெரியும்.

அதோடு போகவில்லை. சென்சாரின் பின்புறம் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று ஒரு குறி இருக்கும். இரண்டில் அது கீழே பார்த்து இருந்தது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரமாவது வேண்டுமாம். எனக்கு முழங்காலுக்குக் கீழே, பம்பரின் அடி விளிம்பில் போட்டிருந்தார்கள். அதனால்தான் மேடு வந்தால் தரையைப் பார்த்தே கத்தியிருக்கிறது. ரிவர்ஸ் லைட்டிலிருந்து கரண்ட் எடுத்த இடத்தில் வயரை வெறுமனே முறுக்கி விட்டிருந்தார்கள். என்றைக்காவது ஷார்ட் ஆகி ஃபியூஸ் போயிருக்கும் என்றார் பாய்.

பாய் அந்த சென்சார் வேலை செய்யும் விதத்தையும் சொன்னார். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துத் தூரம் கணக்குப் போடுமாம். சுவர், தூண், கார் என்றால் ஒலி நன்றாகத் திரும்பும். மெல்லிய கம்பி, தரையோடு இருக்கும் கல், சாய்வான பரப்பு இதெல்லாம் தப்பிப் போகும். துணி ஒலியை வாங்கிக்கொள்ளும். "பிள்ளை மேல துணி இருக்குமே பாய்?" என்று கேட்டேன். "அதான் தங்கச்சி, நல்ல செட்டு நல்லா மாட்டினாலும் பிள்ளைக்கு அதை மட்டும் நம்ப முடியாது. கேமராவும் வேணும், கழுத்தும் திரும்பணும்" என்றார். எறும்பு வந்தாலும் கத்தும் என்று சொன்னவர் இதை எனக்குச் சொல்லியிருந்தால் போதுமே. நான் எதற்காக வாங்குகிறேன் என்று தெளிவாகச் சொன்ன பிறகும், திரும்பியே பார்க்க வேண்டாம் என்று ஒருவருக்கு எப்படிச் சொல்ல மனசு வருகிறது?

திங்கட்கிழமை அந்த அறுந்த வயரின் போட்டோவோடு போனேன். அன்றைக்கு முதலாளி இருந்தார். முதலில், "தூண் மெலிசா இருந்தா எந்த சென்சாரும் பிடிக்காதுக்கா." ஒன்றரை அடித் தூண் என்றேன். அப்புறம், "இடிச்சதுல வயரு அறுந்திருக்கும்." இடித்த வயர் தானாக டேப் சுற்றிக்கொள்ளுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் போட்டோவையே பார்த்துவிட்டு, "வெளியில திறந்துட்டீங்கள்ல, வாரண்டி போச்சு" என்றார். கடைசியில் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. "சார் இருந்தா வந்து பேசச் சொல்லுங்கக்கா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது." வண்டி என் பெயரில், ஓட்டுவது நான், காசு கொடுத்தது நான். வாங்கும்போது யாரும் சாரைக் கூட்டி வரச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்க போன் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோக்களை அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. இன்றைக்கு நடந்ததைத்தான் மேலே சொல்லிவிட்டேன்.

கணக்கு இது: சென்சாருக்கு 4,500. பம்பர் ஒட்டி பெயிண்ட் அடித்து, டெயில் லாம்ப் மாற்ற 2,800. பாய்க்கு, அத்தனையையும் கழற்றி ரிவர்ஸ் லைட் வயரைச் சரிசெய்ய 550. ஆக 7,850 ரூபாய். பெரியம்மா வீட்டுத் தூணில் ஒரு மூலை பெயர்ந்திருக்கிறது. அதற்கு அவர் ஒரு பைசா வாங்க மாட்டேன் என்கிறார். பம்பரில் இப்போது நான்கு ஓட்டை, ரப்பர் மூடி போட்டு அடைத்திருக்கிறது. 7,850 ரூபாய்க்கு என் வண்டியில் மிஞ்சியது அதுதான்.

சின்ன காருக்கு சென்சார் தேவையா என்று கேட்டால், கீறலுக்குப் பயந்து வாங்குவதென்றால் வேண்டாம் என்பேன். அந்தக் காசில் எத்தனையோ கீறலைச் சரிசெய்யலாம். பிள்ளைகள் விளையாடும் தெரு என்றால் கேமராவுக்குக் காசு சேருங்கள். அதையும் மீறி சென்சார்தான் என்றால், இதை மட்டுமாவது செய்யுங்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள், 300 ரூபாய் குறைக்கிறேன் என்றாலும். பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறதாம், எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், பெட்டியைக் கையில் வாங்குங்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன் வண்டியை ரிவர்ஸில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஒரு ஆளை நான்கு சென்சாருக்கும் முன்னால் தனித்தனியாக அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலை. நான் செய்யவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சாயந்திரம் பேசிப் புகார் பதிந்துவிட்டேன். விசிட்டிங் கார்டு, வயர் போட்டோ, அந்த நீலக் கோடு விழுந்த வாட்ஸ்அப் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை என்கிறார்கள். போட்டுக்கங்க என்று அவரே சொல்லிவிட்டாரே, போடுகிறேன்.