இரண்டு மிதி மிதித்தால்தான் நிற்கும்

போன வாரம் கோவை காந்திபுரத்தில் என் லூப்பர் பெடலைச் சரிசெய்து வாங்கி வந்தேன். வாசிக்கிற ஒரு வரியைப் பதிந்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டுகிற பெட்டி அது; அந்தச் சுழற்சிதான் லூப். நான்கு வருடத்தில் அதன் ஃபுட்ஸ்விட்சை (காலால் மிதிக்கும் சுவிட்ச்) மாற்றுவது இது இரண்டாவது முறை. ஆம்ப்ளிஃபயர் வேலை பார்க்கும் அந்த அண்ணன் பழைய சுவிட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இத மிதிச்சீங்ளா, இல்ல ஒரல்ல போட்டு இடிச்சீங்ளா?" என்றார். கூலியும் சாமானும் சேர்த்து 350 ரூபாய்.

அன்றைக்கு ராத்திரியே கோபிசெட்டிபாளையத்திலிருந்து நம்ம தம்பி ஒருவன் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். "அண்ணா, லேப்டாப் இருக்குதுங்க, இன்டர்ஃபேஸும் இருக்குதுங்க. லூப்புக்குன்னு தனியா பெடல் வேற வாங்கோணுங்களா?" இன்டர்ஃபேஸ் என்பது கிட்டார் சத்தத்தை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி. அவனும் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். ரிசப்ஷன்களில் கீபோர்டும் பேஸுமாக இரண்டே பேர் நின்று மூன்று மணி நேரம் ஓட்டுகிற பிழைப்பு. எனக்கும் அதேதான்.

இரண்டையும் வைத்துப் பாடுபட்டவன் என்பதால் எழுதுகிறேன். பெடல் நான்கு வருடம், லேப்டாப் இரண்டு வருடம். பெடலின் கம்பெனிப் பெயரைச் சொல்லி வம்பு வளர்க்க விருப்பமில்லை. ஒரே ஒரு சுவிட்ச் உள்ள சின்னப் பெட்டி, அவ்வளவுதான்.

அந்த ஒரே சுவிட்சில்தான் என் வயிற்றெரிச்சல் முழுக்க இருக்கிறது. முதல் மிதி பதிவு, இரண்டாவது மிதி சுழற்சி, அடுத்தது ஓவர்டப், அதாவது ஓடுவதன் மேலேயே இன்னொரு அடுக்கைப் பதிவது. சரி. நிறுத்த வேண்டும் என்றால்? அடுத்தடுத்து இரண்டு முறை படக் படக்கென்று மிதிக்க வேண்டும். அதாவது, பாட்டு முடிகிற தாள அடியில் இரண்டாவது மிதி விழ வேண்டும் என்றால், முதல் மிதியை அதற்கு அரை அடி முன்னாலேயே போட்டாக வேண்டும். அந்த முதல் மிதிக்குப் பெடல் என்ன நினைத்துக்கொள்கிறது? ஓவர்டப் கேட்கிறான் என்று நினைத்துக்கொள்கிறது. கிட்டார்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. பேஸில் தெரியும். விரல் அழுத்தாமல் மீட்டும் தடித்த இ கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ் சொச்சம். ஒரு அலை முடியவே 24 மில்லி செகண்ட் ஆகிறது. நிறுத்துகிற மிதி அதை நடுவில் வெட்டினால் 'டுப்' என்று ஒரு சத்தம். நம்ம ஊர் சவுண்டு சர்வீஸ்காரர்கள் சப்-வூஃபரைக் கல்யாண வீடு அதிரும்படிதான் வைப்பார்கள் என்பதால், அந்த 'டுப்' பந்தியில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும். பாட்டு முழுக்க நன்றாக வாசித்துவிட்டு, முடிக்கும்போது கதவில் முட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

ஆரம்பிப்பதைப் பழகிவிடலாம். நானும் மூன்றே மாதத்தில் பழகினேன். நிறுத்துவது மட்டும் நான்கு வருடமாக வரவில்லை.

லேப்டாப்பில் இந்தத் தொல்லையே இல்லை. அதோடு இணைக்கும் மிடி ஃபுட் கண்ட்ரோலரில் (காலால் மிதிக்கும் சுவிட்சுப் பலகை) நிறுத்துவதற்குத் தனிச் சுவிட்ச். மிதித்தால் உடனே நிற்காமல், அந்த வரி முடிகிற இடத்தில் தானாக நிற்கும்படி வைத்துவிடலாம். காலை எப்போது வைத்தாலும் அழகாக முடிகிறது. முதல் நாள் இதைக் கேட்டபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, பொய்யில்லை.

இன்னொன்றும் லேப்டாப்பின் பக்கம்தான். எங்கள் கீபோர்டுகாரர் ரிதத்தை சீக்வென்ஸில், அதாவது முன்பே அமைத்து வைத்த மாறாத வேகத்தில், ஓட்டுவார். என் பெடலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. நான் மிதித்த நீளம்தான் அதற்கு நீளம். 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி) பாட்டில் நான்கு பார் (பதினாறு அடி) லூப் என்றால் பத்தே முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவு. மூடும்போது 50 மில்லி செகண்ட் தாமதமாக மிதித்தேன் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த 50 சேர்ந்துகொண்டே போகும். ஏழாவது சுற்றில் அரை அடி தள்ளிப் போயிருக்கும். ஒன்றேகால் நிமிடம்கூட ஆகாது. கீபோர்டுகாரர் திரும்பி என்னை முறைப்பார். சாஃப்ட்வேரில் எல்லாம் ஒரே கடிகாரம், முறைப்பு கிடையாது.

லேட்டன்ஸி என்று பயமுறுத்துவார்கள், அதாவது வாசித்த சத்தம் லேப்டாப் வழியாக வெளியே வர ஆகும் தாமதம். நான் பஃபரை (லேப்டாப் ஒரு முறைக்கு எடுத்துக்கொள்ளும் சத்தத் துண்டு) 128 சாம்பிளில் வைத்து வாசிக்கிறேன். 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு பக்கத்துக்கு அது 3 மில்லி செகண்ட். போய்வர, மற்றதும் சேர்ந்து, பத்துக்குள் அடங்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே காற்றில் அவ்வளவு தாமதம் ஆகத்தான் செய்கிறது. அந்தத் தாமதத்தை ஈடுகட்டும் லேட்டன்ஸி காம்பன்சேஷனை மட்டும் சரியாக வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓவர்டப் அடுக்குகள் எல்லாமே பின்தங்கிப் பதிவாகும்.

பெடலுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். அதற்குக் கணக்கு தெரியாததே சில நாள் வரம். திருப்பூர்ப் பக்கம் ஒரு கோயில் விழாவில் வள்ளி கும்மிக் குழுவோடு வாசித்தேன். கும்மி மெதுவாக ஆரம்பித்துப் போகப் போக வேகம் பிடிக்கும் என்பது நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரியும். லேப்டாப் ஒரு வேகத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஏபிள்டன் லைவ் என்ற இசை சாஃப்ட்வேரில் 11ஆம் பதிப்பிலிருந்து வாசிப்பவரின் வேகத்தைப் பின்தொடரும் வசதி உண்டுதான். நூறு பேர் கைதட்டு, உடுக்கை, மைக்கில் பாடும் வாத்தியார் எல்லாம் சேர்ந்த சத்தத்தை அதற்குக் கொடுத்துப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. பெடலில் நாலு சுற்றுக்கு ஒரு முறை பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஒரு லூப் போட்டேன். ஏழு எண்ணிக்கையில் போட்டாலும் வாங்கிக்கொண்டது, ஒன்பதில் போட்டாலும் வாங்கிக்கொண்டது. அங்கே மேடையில் செருப்புப் போட முடியாது. வெறுங்காலில் அந்த இரும்புச் சுவிட்ச் எங்கே அமுங்குகிறது என்று துல்லியமாகத் தெரியும். மறுநாள் காலை வலியிலும் தெரியும்.

கரண்டு பற்றி ஒரு வார்த்தை. ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் எர்த் ஒழுங்காக இருக்காது. லேப்டாப் சார்ஜரைச் சொருகினாலே பேஸில் கொய்ங்ங் என்று இரைச்சல் வரும். சார்ஜரைப் பிடுங்கினால் அடங்கும். அதனால் முழு பேட்டரியோடு போங்கள். ஆனால் ஜெனரேட்டர் மாற்றும் அந்தப் பத்து நொடியில் என் பெடல் செத்துவிடும், லேப்டாப் சாகாது.

ஆகக் கூட்டிப் பார்த்தால் முக்கால்வாசிப் பக்கம் லேப்டாப்தான் ஜெயிக்கிறது, இல்லையா? தம்பி, நீ பெடலே வாங்கு.

ஏன் என்று சொல்கிறேன். தாராபுரத்தில் ஒரு ரிசப்ஷன். உயிரைக் கொடுத்து மூன்று அடுக்கு போட்டு, மேலே மெலடி வாசித்து முடித்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா மேடையேறி வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஒரு பென் டிரைவை நீட்டினார். "தம்பி, பாட்டு அதுபாட்டுக்கு ஓடுதுங்ளே, அப்படியே இந்த போட்டோவெல்லாம் பெரிய ஸ்க்ரீன்ல போட்டுருங்க." பக்கத்தில் நின்ற பொடியன் ஒருவன், "அங்கிள் சும்மா கைய ஆட்டறாரு, லேப்டாப்புதான் பாடுது" என்றான். கால் பெடலை மிதிக்கும்போது யாரும் அப்படிச் சொன்னதில்லை. என்னமோ வித்தை காட்டுகிறான் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

வாங்கும்போது நிறுத்துவதற்குத் தனி வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. டிட்டோ எக்ஸ்2 என்ற பெடலில் இரண்டாவது சுவிட்சையே நிறுத்துவதற்கென்று வைத்துக்கொள்ளலாம். பாஸ் கம்பெனியின் ஆர்சி-1 பெடலில் வெளியே ஒரு ஃபுட்ஸ்விட்சைச் சொருகிக்கொள்ளலாம். இரண்டாவது அடுக்கை எப்போதும் கழுத்தின் மேல்பக்கத்தில், மெல்லிய கம்பிகளில் வாசி. கீழேயே மூன்று அடுக்கு போட்டால் மாவு கரைத்த மாதிரி ஆகிவிடும்.

இதையெல்லாம் அவனுக்குப் பேசி அனுப்பிவிட்டு, புதுச் சுவிட்சைச் சோதிக்கப் பெடலை எடுத்து வைத்தேன். முன்பைவிட மெத்தென்று இருக்கிறது, காலுக்கு இதம். ஒரு வரி போட்டேன், சுழன்றது. நிறுத்த இரண்டு மிதி மிதித்தேன். நின்றது. நின்ற மறுநொடியே மறுபடி ஓட ஆரம்பித்தது. இரண்டை மூன்றாக எண்ணுகிறது போல. திங்கட்கிழமை மறுபடியும் காந்திபுரம் போக வேண்டும்.