குயில்ட்டுக்கு (துணித் துண்டுகளை இணைச்சு, நடுவுல பஞ்சு வச்சு தைக்கிற போர்வை) துணி வாங்க தனியா போறதா, ஃப்ரெண்ட்ஸோடவா?

தனியா போனா வேலை சீக்கிரம் முடியும், செலவும் கம்மி. ஆனா நான் தனியா எடுத்தா எல்லாமே நடுத்தர ஷேடாத்தான் வரும், தச்சு முடிச்சதும் துண்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து டிசைனே தெரியாது.

ஃப்ரெண்ட்ஸோட போனப்போ ஒருத்தி துணி ரோலையெல்லாம் வரிசையா சாய்ச்சு வச்சு போன்ல கருப்பு வெள்ளையில போட்டோ எடுத்து காட்டுனா பாருங்க, நான் ஆசையா எடுத்த சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலா தெரிஞ்சுது, அப்பதான் வெளிர் துணி ஒண்ணு கட்டாயம் வேணும்னு புரிஞ்சுது. காட்டன் துவைச்சா சுருங்கும், கொஞ்சம் கூட வாங்குன்னு சொல்லவும் ஆள் இருக்கு. அதனால கடைக்கு கூட்டமாதான் போகணும், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

தைக்கிறப்போ அப்படி இல்ல. துண்டுகளை ஜாயின் பண்றப்போ கால் இன்ச் தையல் விளிம்பு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வரணும், பேச்சு சுவாரஸ்யத்துல நூலளவு தப்பினாலும் மூலை சேராது, அதை தனியா உட்கார்ந்துதான் செய்வேன். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூணையும் விரிச்சு சுருக்கம் இல்லாம பின் குத்துறதுக்கு மட்டும் திரும்ப எல்லாரையும் கூப்பிடுவேன், நாலு மூலைக்கும் நாலு பேர் பிடிச்சு இழுத்தா அது சட்டுனு முடிஞ்சிடும்.