ஆப் வாடகை சைக்கிள்: பூட்டில்தான் இருக்கு சங்கதி

கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி பெங்களூரில் இறங்கி, கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோவில் பேரம் பேச மனசில்லாதவர்களுக்கு ஆப் வாடகை சைக்கிள் தோதுதான். பூட்டு திறந்ததுமே காசு ஓட ஆரம்பிக்கும். அதனால் பிரேக், செயின், சீட் உயரம் மூன்றையும் பூட்டைத் திறக்க QR கோடை ஸ்கேன் செய்யும் முன்பே பாருங்கள். காற்றில்லாத திட டயர் பஞ்சராகாது, ஆனால் குழியில் இடுப்பைப் பதம் பார்த்துவிடும்.

பெரிய தலைவலி பூட்டு. பின்சக்கரத்து ஸ்போக் குறுக்கே நின்றால் கொக்கி நுழையாது. பலம் காட்டினால் வளைவதுதான் மிச்சம். சக்கரத்தை ஒரு விரற்கடை உருட்டி அழுத்தினால் டக்கென்று விழும். பூட்டினாலும், பேஸ்மென்ட்டில் சிக்னல் இல்லையென்றால் ஆப்பில் பயணம் முடிந்ததாகக் காட்டாது. முடிந்தது என்று வந்தபின் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தகராறுக்கு அதுதான் சாட்சி. கோவையில் ஓடிய ஓஃபோ என்ற சீன வாடகை சைக்கிள் நிறுவனம் 2018இல் இந்தியாவை விட்டே கிளம்பியது. அதனால் ஆப் வாலட்டில் மொத்தமாகப் பணம் போடாதீர்கள்.