கமரா வருமுன் கேபிளைக் காத்தல்: கொழும்பு மழைக்கு எந்த வழி தாங்கும்?

கொழும்பில் வீடு கட்டுகிறவர்கள் பூச்சு வேலை முடியுமுன்பே பாதுகாப்புக் கமராவுக்கான நெட்வொர்க் கேபிளை இழுத்துவிடுகிறார்கள். கமரா பொருத்துவதோ குடிபுகும் சமயத்தில்தான். இடைப்பட்ட மாதங்களில் கேபிளின் நுனி சுவருக்கு வெளியே திறந்தபடி தொங்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்தால் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கரையோரம் என்றால் உப்புக்காற்று வேறு.

நனைந்த கேபிள் உடனே பழுதாவதில்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, முறுக்கிய கம்பிகளின் இடுக்கு நீரை உறைக்குள்ளே இழுத்துக்கொள்கிறது. கமராவுக்கான மின்சாரமும் அதே கேபிளில்தான் வருகிறது, ஏறத்தாழ 48 வோல்ட் நேரோட்டம். ஈரத்தில் நேரோட்டம் பாய்ந்தால் இணைப்பியின் நேர்முனைத் தொடுகைகள் அரித்துப் பச்சை பிடிக்கும். பகல் முழுவதும் ஒழுங்காக ஓடிய கமரா, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் அணைந்து அணைந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த அரிப்பைத்தான்.

முதல் போட்டி கேபிள்களுக்கிடையே. சாதாரண உள்வீட்டுக் கேபிளை பிவிசி குழாய்க்குள் விட்டால் போதும் என்பது பரவலான எண்ணம். குழாய் மழைத்துளியைத் தடுக்கும், ஈரக்காற்றைத் தடுக்காது. வெயிலில் சூடான காற்று மழை பெய்ததும் குளிர்ந்து, குழாயின் உட்சுவரில் நீராகப் படிகிறது. அந்த நீர் தாழ்ந்த வளைவில் தேங்கி, கேபிள் அதிலேயே ஊறிக் கிடக்கும். குழாய்தான் வேண்டும் என்றால் அந்த வளைவின் அடியில் சிறு துளை இடுங்கள். கறுப்புப் பொலிஎத்திலீன் உறையுள்ள வெளிப்புறக் கேபிள் வெயிலையும் ஈரத்தையும் தானே தாங்குகிறது. விலை கூடினாலும் என் தெரிவு அதுதான். ஆனால் பொலிஎத்திலீன் எளிதில் தீப்பற்றும். ஆகவே வீட்டுக்குள் அதை நீளமாக ஓட்டாமல், நுழையும் இடத்துக்கு அருகிலேயே முடித்துவிடுங்கள். ஜெல் நிரப்பிய கேபிள் தோட்டத்து மண்ணுக்கடியில் போவதற்கு ஏற்றது. சுவரில் ஓட்ட அது வேண்டியதில்லை. நுனியில் இணைப்பி பொருத்துபவரின் கையெல்லாம் பிசின்தான் மிஞ்சும்.

புறக்கோட்டையில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெண்மை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். உப்பு ஈரத்தில் அலுமினியம் வெகு வேகமாக அரிக்கும். எந்த உறையும் அதைக் காப்பாற்றாது, வாங்கவே வேண்டாம்.

அடுத்தது, தொங்கும் நுனி. வேலையாட்கள் வழக்கமாகப் பொலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பட்டி போடுகிறார்கள். பைக்குள் வியர்க்கும் நீர் வெளியேற வழியில்லாததால், சில வேளைகளில் ஒன்றும் கட்டாமல் விடுவதைவிட அது மோசம். இன்சுலேஷன் டேப் சில வாரங்களுக்குச் சரி, பிறகு வெயிலில் பசை இளகிப் பிரியும். உள்ளே பசை பூசிய, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் தொப்பியே உறுதியானது. அது கிடைக்காவிட்டால், இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைப் பயன்படுத்தலாம். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி சுற்றினால் நீர் மடிப்புக்குள் புகாமல் வழிந்துபோகும். எதைப் போட்டாலும் நுனி கீழ்நோக்கியே தொங்கட்டும். வெட்டி எறிய ஒரு மீற்றராவது கூடுதலாக விடுங்கள்.

கமரா ஏறிய பின் இணைப்பை எதில் வைப்பது? கமராவோடு வரும் திருகு மூடி, ரப்பர் வளையம் சரியாக அமர்ந்தால் நன்றாகவே வேலை செய்யும். பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சிலிக்கன் பூசி அடைக்கிறவர்கள் வினாகிரி வாசனை வருகிறதா என்று கவனியுங்கள். அந்த வகை வெளியிடும் அமிலமே செம்பை அரிக்கும். என் முதல் தெரிவு, தூசியும் பலமாக அடிக்கும் நீரும் புகாத ஐபி66 தரப் பெட்டி. கேபிள் அதன் அடிப்பக்கக் கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடித்து நீரைத் தடுக்கும் திருகு வளையம்) வழியாக, ஒரு வளைவு தாழ்ந்து மேலேறி நுழைய வேண்டும். இணைப்பியின் தொடுகைகளில் மின்கடத்தாச் சிலிக்கன் கிரீஸ் ஒரு துளி. வாஸ்லின் வெயிலில் உருகி வழிந்துவிடும்.

கமராவில் செருகும் ஆர்ஜே45 இணைப்பியை நுனியில் பொருத்துமுன் நுனியை வெட்டிச் செம்பைப் பாருங்கள். கறுத்திருந்தால் இன்னும் ஒரு சாண் வெட்டுங்கள், பளபளக்கும் செம்பு தெரியும் வரை. கூடுதலாக விட்ட மீற்றர் முடிந்தும் கறுப்பு மாறவில்லையென்றால், சுவருக்குப் பெயின்ட் அடிக்குமுன் புதுக் கேபிளே இழுத்துவிடுங்கள்.